சல்யூட் இருக்கட்டும், பிள்ளையை யார் பார்த்துக்கறது?

ராணுவத்தில் இருக்கும் அம்மாக்களைப் பற்றிக் கேள்வி கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், பாராட்டுக் கவிதைகள் மூட்டையாக வந்து இறங்கிவிட்டன. பெரும்பாலானவற்றில் 'தாய்நாடு' என்பதற்கு 'பூக்காடு' இயைபு. கவிஞர்கள் மன்னிக்கவும். கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பேராசிரியர், திருச்சி: பிள்ளை பெற்ற பெண்ணால் துப்பாக்கியும் முதுகுப் பையுமாக ஓட முடியுமா? என் சந்தேகம் நியாயமானதுதானே?

இடுப்பில் ஒரு பிள்ளை, தோளில் ஒரு பை, பல்லில் கடித்த டிக்கெட்டோடு ஓடும் டவுன் பஸ்ஸைப் பிடித்த அம்மாவை நீங்கள் பார்த்ததே இல்லையா, சார்? சந்தேகம் வரக்கூடாது என்றுதான் ராணுவம் உடல்தகுதித் தேர்வு வைத்திருக்கிறது. தேறினால் ஓடுவார்கள். தேறாத அப்பாக்களும் உண்டு. அவர்களைப் பற்றி யாரும் எனக்கு எழுதுவதில்லை.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர்: சங்க காலத் தாய் ஒரே மகனைப் போருக்கு அனுப்பினாள். இந்தக் காலத் தாய் தானே கிளம்பிவிடுகிறாளே?

ஒக்கூர் மாசாத்தியார் பாடிய அந்தத் தாயை நாமும் காலம்காலமாக மேடை போட்டுப் பாராட்டி வருகிறோம், ஐயா. பாராட்ட வசதியான தாய். அவள் வீட்டைவிட்டு நகரவில்லை.

நகர்ந்த தாயும் நம்மிடம் உண்டு. 1772-ல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டதும், மகள் வெள்ளச்சியோடு சிவகங்கையை விட்டு வெளியேறினார் வேலு நாச்சியார். சீமையை மீட்டுத் திரும்பியது 1780-ல். பட்டிமன்றத்தில் அந்தத் திரும்பி வந்த நாளைப் பேசுவார்கள், நடுவில் போன எட்டு வருடத்தைப் பேச மாட்டார்கள். எனக்கு அந்த எட்டு வருடம்தான் முக்கியம். விருப்பாச்சி கோபால நாயக்கர் தங்க இடம் கொடுத்தார். மருது சகோதரர்கள் விலகாமல் கூட நின்றார்கள். ஹைதர் அலி படை கொடுத்தார். அதாவது பிள்ளையோடு இருக்கப் பத்திரமான இடம், நம்பக்கூடிய ஆட்கள், மேலிடத்து ஆதரவு. இன்றைக்கு ஒரு ராணுவத் தாய் கேட்பதும் இதைத்தான். பீரங்கி பற்றி அவருக்குக் கவலை இல்லை, அதை அரசாங்கம் கொடுத்துவிடுகிறது.

ஜான்சி ராணி சிலைகளில் பிள்ளை முதுகில் கட்டியிருக்கும். வீரத்தின் அடையாளம் என்கிறோம். பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதற்கும் அதுவே அடையாளம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

போட்டித்தேர்வு மாணவி, மதுரை: ராணுவத்தில் பெண்கள் சேர்ந்த ஆண்டு 1992 என்று எழுதினால் மார்க் கிடைக்குமா?

நான் திருத்தினால் அரை மார்க். 1992-ல் வந்தது பெண் அதிகாரிகளுக்கான சிறப்பு நுழைவுத் திட்டம். முதல் அணியில் 25 பேர். பயிற்சி நம்ம பரங்கிமலையில்தான், அதிகாரிகள் பயிற்சி அகாடமியில். 1993 மார்ச்சில் தோளில் நட்சத்திரத்தோடு வெளியே வந்தார்கள்.

மீதி அரை மார்க் நர்ஸ்களுக்கு. 1888-லேயே தொடங்கி, 1926-ல் மிலிட்டரி நர்சிங் சர்வீஸ் என்று முறையான அமைப்பாகிவிட்ட பிரிவு அது. அவர்களும் லெப்டினன்ட், கேப்டன், மேஜர்தான். ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் 'சிஸ்டர்' என்று கூப்பிட்டே பழகிவிட்டதால் தோளில் இருக்கும் நட்சத்திரம் நம் கண்ணில் படுவதில்லை.

அவர்களுக்கு நடந்த ஒரு கதையையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள், கட்டுரைக் கேள்வியில் உதவும். நர்சிங் அதிகாரி கல்யாணம் செய்துகொண்டால் வேலையைவிட்டு அனுப்பலாம் என்று 1977-ல் ஒரு ராணுவ விதி வந்தது. அந்த விதிப்படி 1988-ல் வெளியே அனுப்பப்பட்டவர் செலினா ஜான். அவர் மணந்ததும் ஒரு ராணுவ அதிகாரியைத்தான். மாப்பிள்ளையின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. 1995-ல் விதியை எடுத்துவிட்டார்கள். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவருக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 36 வருடம்! தாலி கட்டியதற்கே இந்தக் கதி என்றால், அந்த நாளில் கர்ப்பம் என்று யார் வாயைத் திறந்திருப்பார்கள்?

ஐந்தாம் வகுப்பு மாணவன், கோவை: ராணுவத்துல இருக்கற அம்மா வீட்லயும் மிரட்டுவாங்களா?

எந்த அம்மாதான் மிரட்டவில்லை, தம்பி? இவங்களுக்குச் சம்பளம் கொடுத்துப் பயிற்சியும் கொடுத்திருக்காங்க, அவ்வளவுதான்.

வங்கி ஊழியர், ஈரோடு: பிரசவ லீவெல்லாம் உண்டா? எங்களுக்கு இருப்பதுபோலவா?

உண்டு. பெண் அதிகாரிகளுக்கு முழுச் சம்பளத்தோடு 180 நாள், இரண்டு பிள்ளைகள் வரை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தத்தெடுத்தாலும் 180 நாள். அது போக, பிள்ளை வளர்ப்புக்கென்று மொத்தப் பணிக்காலத்துக்கும் 360 நாள். முதலில் இதெல்லாம் அதிகாரிகளுக்கு மட்டும்தான் இருந்தது. சிப்பாய், மாலுமி, விமானப்படை வீராங்கனை என்று எல்லா நிலையில் உள்ள பெண்களுக்கும் இதே அளவில் நீட்டிக்கும் முடிவு 2023 நவம்பரில்தான் வந்தது. மேஜரின் பிள்ளைக்கும் சிப்பாயின் பிள்ளைக்கும் பல் முளைப்பது ஒரே மாதத்தில்தான் என்று கண்டுபிடிக்க அவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 360 நாளைப் பதினெட்டு வயது வரைக்கும் பங்கிட்டால் வருடத்துக்கு இருபது நாள். அதற்குள் காய்ச்சல், அம்மை, காதுகுத்து, அரையாண்டுத் தேர்வு, பத்தாம் வகுப்பு எல்லாம் அடங்க வேண்டும். டில்லியில் ஃபைல் பார்க்கும் மத்திய அரசுப் பெண் ஊழியருக்கு இதே லீவு 730 நாள். எல்லையில் இருப்பவருக்கு அதில் பாதிக்கும் குறைவு. படைக்கு ஆள் வேண்டும், புரிகிறது. ஆனால் யாருக்கு இந்த லீவு அதிகம் தேவைப்படும் என்று ஒரு சின்னப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லிவிடுவாள்.

180 நாள் விஷயத்தில் இன்னொன்று. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்பது டாக்டர்கள் எல்லோரும் சொல்வது. லீவும் சரியாக அதோடு முடிகிறது. பிள்ளை வாயில் முதல் வாய் கேழ்வரகுக் கூழ், அம்மா கையில் ட்யூட்டிக்குத் திரும்பச் சொல்லும் ஆர்டர். அங்கிருந்துதான் நிஜமான கஷ்டம் ஆரம்பம். அதற்கு லீவு பதில் இல்லை. கிரெஷ், குவார்ட்டர்ஸ், பக்கத்தில் போஸ்டிங் இவைதான் பதில். கணவன் மனைவி இருவரும் ராணுவம் என்றால் முடிந்தவரை ஒரே இடத்தில் போடப் பார்ப்பார்கள். 'முடிந்தவரை' என்பது ரப்பர் மாதிரி இழுபடும் சொல் என்பது ட்ரான்ஸ்ஃபர் கேட்டுப் பார்த்த உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

சட்டக் கல்லூரி மாணவர், சென்னை: பெண் அதிகாரிகள் வழக்கில் 'தாய்மை'யும் ஒரு வாதமாக வந்ததாமே?

வந்தது. அதுவும் எதிர்த் தரப்பிலிருந்து.

குறுகிய காலப் பணியில் சேரும் அதிகாரி அதிகபட்சம் 14 வருடம் இருக்கலாம். பென்ஷனுக்கு 20 வருடம் வேண்டும். ஆண்கள் நடுவில் நிரந்தரப் பணிக்கு மாறிக்கொள்ள வழி இருந்தது. பெண்களுக்குப் பெரும்பாலான பிரிவுகளில் அந்தக் கதவு இல்லை. மூத்தது எட்டாவது, இளையது மூன்றாவது என்று செலவு ஏறும் வயதில், பென்ஷன் இல்லாமல் 'நன்றி, வணக்கம்' என்று வழியனுப்பி விடுவார்கள். இதற்காக நீதிமன்றம் போனார்கள். 2010-ல் டில்லி உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். அரசு மேல்முறையீடு செய்ய, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2020 பிப்ரவரி 17-ல் வந்தது. பபிதா புனியா வழக்கு என்று தேடிப் படியுங்கள்.

கர்ப்பம், தாய்மை, குடும்பப் பொறுப்பு இவற்றால் பெண்கள் நீண்ட நாள் வேலைக்கு வர முடியாமல் போகும், கிராமத்திலிருந்து வரும் சிப்பாய்கள் பெண்ணின் தலைமையை ஏற்க இன்னும் மனதளவில் பழகவில்லை என்றெல்லாம் அரசுத் தரப்பு எழுத்திலேயே கொடுத்தது. வீட்டு வேலையும் பிள்ளை வளர்ப்பும் பெண்ணுடையது மட்டுமே என்று முடிவு கட்டிவிட்டுப் பேசுகிற வாதம் இது என்று சொல்லி நீதிபதிகள் சந்திரசூடும் அஜய் ரஸ்தோகியும் தள்ளிவிட்டார்கள். கிராமத்துச் சிப்பாய் விஷயத்தில் எனக்குத் தனிப்பட்ட வருத்தம் உண்டு. அம்மா பேச்சைக் கேட்டு வளர்ந்த பையன் அவன். பெண் அதிகாரம் அவனுக்குப் புதிதா என்ன?

கதை அதோடு முடியவில்லை. அடுத்து நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. தீர்ப்புப்படி நிரந்தரப் பணிக்குத் தேர்வு வைத்தார்கள். ஓர் ஆண் அதிகாரியை ஐந்தாவது அல்லது பத்தாவது வருடத்தில், இருபதுகளின் கடைசியில் முப்பதுகளின் தொடக்கத்தில் இருக்கும்போது, உடல் பரிசோதனை செய்து நிரந்தரமாக்கிவிடுவார்கள். பிறகு அவருக்குச் சர்க்கரை வந்தாலும் முட்டி வலி வந்தாலும் நாற்காலி போகாது. இந்தப் பெண்களுக்கோ அந்த வயதில் வாய்ப்பே கொடுக்கவில்லை. நாற்பதைத் தாண்டி, பிள்ளைகளும் பெற்ற பிறகு கூப்பிட்டு, அந்த இளவயது அளவுகோலை நீட்டினார்கள். சரி, உடம்பை இன்றைய தேதியில் பார்க்கிறார்கள், உழைப்பையும் இன்றுவரை பார்ப்பார்கள் என்றுதானே நினைப்போம்? இல்லை. மேலதிகாரிகள் எழுதும் ரகசிய அறிக்கைகளை மட்டும் ஐந்தாவது, பத்தாவது வருடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அதன் பிறகு வாங்கிய பாராட்டெல்லாம் கணக்கில் வரவில்லை. முட்டிக்கு இன்றைய வயது, சாதனைக்கு அன்றைய வயது! 2021 மார்ச் 25, லெப்டினன்ட் கர்னல் நிதிஷா வழக்கில் இது மறைமுகப் பாகுபாடு என்று தீர்ப்பு. எல்லோருக்கும் ஒரே விதி என்று சொல்லிக்கொண்டே ஒரு சாராரை மட்டும் எப்படி வடிகட்டலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் உங்கள் கல்லூரியில் கிடைக்காது. பரீட்சைக்குக் கேட்பார்கள், இரண்டு முறை படியுங்கள்.

அக்னிவீர் பெண்ணின் தந்தை, வேலூர்: நல்ல இடத்திலிருந்து வரன் வந்திருக்கிறது. இப்போதே முடித்துவிடலாமா?

அக்னிவீராக இருக்கும் நான்கு வருடமும் கல்யாணம் கூடாது என்பது சேரும்போதே கையெழுத்துப் போட்ட நிபந்தனை. உங்கள் பெண்ணும் போட்டிருப்பார். நல்ல இடம் என்றால் காத்திருப்பார்கள். காத்திருக்க மாட்டோம் என்றால் அது எவ்வளவு நல்ல இடம் என்று இப்போதே தெரிந்துவிட்டது பாருங்கள்.

ஐ.டி. ஊழியர், பெங்களூரு: என் மனைவி ராணுவத்தில் கேப்டன். நான் சிவிலியன். யூனிட் விழாக்களில் எனக்கு எந்தப் பக்கம் உட்காருவது என்றே தெரியவில்லை. குழந்தையோடு போனால் எல்லோரும் பரிதாபமாகப் பார்க்கிறார்கள்.

குழந்தைக்குப் பசித்தால் அழுகை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் உட்காருங்கள்.

உங்கள் நிலைமை புதிது, அதனால்தான் அவர்களுக்கும் குழப்பம். நூறு வருடமாக ராணுவம் 'அதிகாரியும் அவர் மனைவியும்' என்றே அழைப்பிதழ் அடித்துவந்திருக்கிறது. மேம்சாப் பூங்கொத்து வாங்குவார், தேநீர் விருந்து நடத்துவார், சாப் ஊர் மாறினால் பெட்டி கட்டுவார். நீங்கள் பெட்டி கட்டுகிறவராக வந்து நின்றால் பூங்கொத்து வைத்திருப்பவர் திணறத்தானே செய்வார்?

ஆனால் ஒன்று சொல்கிறேன். ராணுவத்தில் இருக்கும் தாய்க்கு இந்த நாடு கொடுக்கக்கூடிய எந்த உதவியையும்விடப் பெரியது நீங்கள் கொடுப்பது. வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்கிற கணவன், தடுப்பூசி அட்டையில் அடுத்த தேதி என்ன என்று பார்க்காமல் சொல்கிற அப்பா, பள்ளி வாட்ஸ்அப் குழுவில் இருபது அம்மாக்களுக்கு நடுவே 'நாளை கலர் டிரஸ்ஸா, யூனிஃபார்மா?' என்று கூச்சப்படாமல் கேட்கிறவர். மனைவிக்கு ஃபீல்ட் போஸ்டிங் வந்தால் குடும்பம் கூடப் போக முடியாது. அப்போது பிள்ளைக்கு அப்பா அம்மா இரண்டும் நீங்கள்தான். பரிதாபமாகப் பார்ப்பவர்களிடம் ஒரு டயப்பர் பாக்கெட்டைக் கையில் கொடுத்து 'கொஞ்சம் பிடிங்க' என்று சொல்லிப் பாருங்கள். பரிதாபம் போய் வேலை வந்துவிடும்.

நீங்கள் மத்திய அரசு ஊழியராக இருந்தால் கணவன் மனைவியை ஒரே ஊரில் போட வேண்டும் என்ற 2009 வழிகாட்டுதலைக் காட்டி ட்ரான்ஸ்ஃபர் கேட்கலாம். ஐ.டி. கம்பெனியில் அப்படி ஒன்றும் இல்லை. மேனேஜர் நல்லவராக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

சினிமா ரசிகர், சேலம்: தமிழ் சினிமாவில் ராணுவ அம்மா யாராவது?

ராணுவ வீரனின் அம்மா ஏராளம். ரயில்வே ஸ்டேஷனில் முந்தானையால் கண்ணைத் துடைப்பார். ராணுவ வீரனின் மனைவியை 'அமரன்' நன்றாகவே காட்டியது. பிளாட்பாரத்தில் அப்பா பிள்ளையோடு நின்று கண்ணைத் துடைக்க, ரயிலில் அம்மா கிளம்பும் காட்சிக்கு இன்னும் எந்த ஹீரோவும் கால்ஷீட் கொடுக்கவில்லை.

இல்லத்தரசி, நாகர்கோவில்: எங்கள் தெருவில் ஒரு பாட்டி பேரனை வளர்க்கிறார். அம்மா ராணுவ டாக்டர், வடக்கே எங்கேயோ. நாங்கள் ஏதாவது செய்ய ஆசை. குடியரசு தினத்தன்று பொன்னாடை போர்த்தலாமா?

போர்த்துங்கள், தப்பில்லை. அந்தப் பாட்டி அதை மடித்து பீரோவில் வைத்துவிட்டு அன்று சாயங்காலமும் கேஸ் சிலிண்டரைத் தானே உருட்டிக்கொண்டு வருவார். சிலிண்டரை உருட்ட ஒரு பையனை அனுப்புங்கள். பாட்டிக்குக் காய்ச்சல் வந்த நாளில் பேரனைப் பள்ளியில் இறக்கிவிட யார் இருக்கிறார்கள் என்று கேட்டு வையுங்கள். ராணுவத் தாய் போனில் கூப்பிடும்போது சிக்னல் கிடைப்பதே பெரிய விஷயம். அந்த ஐந்து நிமிடமும் 'மோட்டார் ரிப்பேர், பிளம்பர் வரவில்லை' என்று போகாமல் இருந்தால் அதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் செய்யக்கூடாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பையனின் கன்னத்தைக் கிள்ளி 'அம்மா உன்ன விட்டுட்டுப் போயிட்டாளா?' என்று மட்டும் யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாசத்தில் கேட்பதுதான், தெரியும். ஆனால் அதே தெருவில் அப்பா துபாயிலும் கப்பலிலும் இருக்கும் பிள்ளைகள் இல்லையா? அவர்களைப் பார்த்து 'அப்பா விட்டுட்டுப் போயிட்டாரா' என்று யாராவது கேட்டிருக்கிறோமா? 'அப்பா என்ன வாங்கிட்டு வந்தாரு' என்றுதான் கேட்டிருக்கிறோம். அப்பா தூரத்தில் இருந்தால் சம்பாதிக்கிறார். அம்மா தூரத்தில் இருந்தால் விட்டுவிட்டுப் போய்விட்டார். பையன் இதை எந்தப் பாடப் புத்தகத்திலும் படிக்கப் போவதில்லை, நம் திண்ணையில்தான் கற்றுக்கொள்வான்.

காவலர் மனைவி, ஆவடி: சி.ஆர்.பி.எஃப். பெண்களும் ராணுவம்தானே?

துப்பாக்கி, பூட்ஸ், தூரம் எல்லாம் ஒன்றுதான். நிர்வாகம்தான் வேறு. அவர்கள் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வரும் மத்திய ஆயுதக் காவல் படை. முழுக்கப் பெண்களாலான முதல் பட்டாலியனை சி.ஆர்.பி.எஃப். 1986-லேயே எழுப்பிவிட்டது. பாராட்டும்போது அமைச்சகம் பார்த்துப் பிரிக்க வேண்டாம்.

பெயர் வேண்டாம், தூத்துக்குடி: என் கணவர் ராணுவத்தில் பணியிலிருந்தபோது இறந்தார். ஒரு மகள். நானே ராணுவத்தில் சேர முடியுமா? சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள்.

முடியும், அம்மா. பரங்கிமலை அகாடமியில் பயிற்சிக்குப் போகும் மற்றப் பெண்கள் பொதுவாக மணமாகாதவர்களாக இருக்க வேண்டும். பணியில் இறந்த வீரர்களின் மனைவியருக்கு மட்டும் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், பிள்ளை இருந்தாலும் பரவாயில்லை. வயது வரம்பும் உங்களுக்கு 35 வரை. பட்டப்படிப்பு வேண்டும். எஸ்.எஸ்.பி. நேர்முகத் தேர்வில் சலுகை கிடையாது, அதில் தேறியே ஆக வேண்டும். அறிவிப்பு வரும்போது விதிகளை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு முன்னால் போனவர்கள் இருக்கிறார்கள். கர்னல் சந்தோஷ் மகாதிக் 2015 நவம்பரில் குப்வாராவில் பயங்கரவாதிகளோடு நடந்த சண்டையில் இறந்தார். அவர் மனைவி ஸ்வாதி, இரண்டு பிள்ளைகளின் தாய், வயது வரம்பைத் தாண்டியிருந்தார். வரம்பைத் தளர்த்தினார்கள். நேர்முகத்தில் தேறி, 2017 செப்டம்பரில் சென்னையில் அணிவகுத்து லெப்டினன்ட்டாக வெளியே வந்தார். அன்றைய செய்திப் படங்களில் எல்லாம் கண்ணீரும் பெருமையும்தான். நான் யோசித்தது அதற்கு முந்தைய பதினொரு மாதத்தை. தன்னைவிடப் பதினைந்து வயது இளைய பெண்களோடு விடியற்காலையில் ஓடியிருக்கிறார். பிள்ளைகள் விடுதிப் பள்ளியில். அந்தப் பதினொரு மாதத்தை ஒரு குடும்பம் சேர்ந்து தாங்காவிட்டால் அந்த ஒரு நாள் படம் கிடைத்திருக்காது.

அதனால் முதலில் இதை முடிவு செய்யுங்கள்: மகள் யாரிடம் இருப்பாள்? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் விண்ணப்பம் போடுங்கள். சிரிக்கிற சொந்தக்காரர்களிடம் மகளை விட வேண்டாம்.

பொறியாளர், ஓசூர்: தாயாகவும் இருந்து ராணுவத்தின் உச்சிக்குப் போனவர் உண்டா?

மாதுரி கனிட்கர். குழந்தைகள் சிறுநீரக மருத்துவர், இரண்டு பிள்ளைகளின் தாய். 2020 பிப்ரவரி 29-ல் லெப்டினன்ட் ஜெனரல் ஆனார். கணவர் ராஜீவும் லெப்டினன்ட் ஜெனரல். வீட்டில் யார் யாருக்கு முதலில் சல்யூட் அடித்தார்கள் என்று கேட்காதீர்கள், சீனியாரிட்டி பார்த்துக்கொள்ளும். அவருக்கு முன்பே மூன்று நட்சத்திர உயரத்தைத் தொட்ட புனிதா அரோரா, திருப்பதியில் பிறந்த விமானப்படையின் பத்மாவதி பந்தோபாத்யாய் இருவரும் டாக்டர்கள்தான்.

முதல் மூவரும் டாக்டர்களாக அமைந்தது தற்செயல் இல்லை. மருத்துவப் பிரிவில் பெண்களுக்கு நிரந்தரப் பணி முன்பிருந்தே இருந்தது. பதினான்காவது வருடத்தில் வெளியே போகச் சொல்லாததால் முப்பத்தைந்தாவது வருடத்தில் மேலே இருந்தார்கள். மற்றப் பிரிவுகளில் கதவு திறந்தது நேற்றுத்தான். 2023-ல் ஏராளமான பெண்கள் கர்னலாகி யூனிட்டுகளுக்குத் தலைமை ஏற்கத் தொடங்கினார்கள். தேசிய பாதுகாப்பு அகாடமியிலிருந்து முதல் 17 பெண்கள் 2025 மே மாதம் வெளியே வந்தார்கள். அந்தப் பதினேழு பேரில் ஒருவர் ஜெனரல் ஆகும்போது இந்தப் பகுதியை வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள். அவருக்கு இப்போதே வாழ்த்துகள்.

ஆங்கில ஆசிரியை, புதுச்சேரி: வெளிநாட்டு ராணுவங்கள் இதில் நம்மைவிட முன்னேற்றமா?

இப்போது ஓரளவு. முன்பு நம்மைவிட மோசம். பிரிட்டன் 1978 முதல் 1990 வரை கர்ப்பமான பெண்களைப் படையிலிருந்து நீக்கிக்கொண்டே இருந்தது. ஐரோப்பியச் சட்டத்துக்கு அது விரோதம் என்று ஆனதும், ஆயிரக்கணக்கானவர்களுக்கு இழப்பீடு கொடுக்க நேர்ந்தது.

அமெரிக்காவில் சூசன் ஸ்ட்ரக் என்ற விமானப்படை நர்ஸ். 1970-ல் வியட்நாமில் பணி. கர்ப்பம் என்றதும், கலை அல்லது வெளியே போ என்றார்கள். அவர் கத்தோலிக்கர், கலைக்க மறுத்தார். பிள்ளையைப் பெற்றுத் தத்துக் கொடுத்துவிடுகிறேன், வேலையை மட்டும் பறிக்காதீர்கள் என்றும் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. அவருக்காக உச்ச நீதிமன்றம் போன வழக்கறிஞர் பிற்காலத்தில் அங்கேயே நீதிபதியான ரூத் பேடர் கின்ஸ்பர்க். 1972-ல் வழக்கை எடுத்துக்கொள்கிறோம் என்று நீதிமன்றம் சொன்னதுமே விமானப்படை அவரை வைத்துக்கொள்வதாகச் சொல்லி, வழக்கு தானாகக் காலாவதி ஆனது. தோற்றுவிடுவோம் என்று தெரிந்தால் எந்தப் படையும் பின்வாங்கும், ராணுவ சாஸ்திரமே அதுதான்.

இப்போது அங்கே பிள்ளை பிறந்தால் அப்பா, அம்மா யாராக இருந்தாலும் 12 வாரம் லீவு. பெற்ற உடம்பு தேற வேண்டிய நாட்கள் அம்மாவுக்குத் தனி. நம் ராணுவ அப்பாவுக்கு 15 நாள். பெயர் சூட்டு விழா முடிந்த பந்தலைப் பிரிப்பதற்குள் அவர் ரயிலில் இருப்பார். தனியாகப் பிள்ளை வளர்க்கும் ராணுவ அப்பாவுக்கும் பிள்ளை வளர்ப்பு லீவு உண்டு என்று 2019-ல் சொன்னார்கள். நல்ல ஆரம்பம்.

தம்பி, காஞ்சிபுரம்: அக்கா ராணுவத்தில் மேஜர். குழந்தை எங்களிடம் இருக்கிறது. அன்னையர் தினத்துக்கு அக்காவுக்கு என்ன அனுப்பலாம்?

அந்த தினத்தை அமெரிக்காவில் தொடங்கிவைத்த அன்னா ஜார்விஸ், பிறகு வாழ்த்து அட்டைக்காரர்களும் பூக்கடைக்காரர்களும் அதைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்து அவர்களோடு சண்டை போட்டே வாழ்நாளைக் கழித்தார். அவருடைய அம்மா உள்நாட்டுப் போரில் இரு தரப்புச் சிப்பாய்களுக்கும் மருந்து கட்டிய பெண்களைத் திரட்டியவர். அந்த அம்மாவின் நினைவாக வந்த நாள் அது. எனவே பூவும் அட்டையும் வேண்டாம். முறுக்கு நொறுங்கும், அதிரசம் தாங்கும். '56 ஏ.பி.ஓ.' என்றோ '99 ஏ.பி.ஓ.' என்றோ அக்கா கொடுத்த முகவரியை மட்டும் தெளிவாக எழுதுங்கள், எந்த மலையில் இருந்தாலும் ராணுவத் தபால்காரர் கொண்டுபோய்ச் சேர்ப்பார். கூடவே பிள்ளை சுவரில் கிறுக்கியதைப் போட்டோ எடுத்து வையுங்கள். 'அம்மா எப்ப வருவீங்க' என்று எழுத வைத்து அனுப்ப வேண்டாம். அங்கே அவருக்கு ராத்திரி ட்யூட்டி இருக்கும்.

எட்டாம் வகுப்பு மாணவி, திருநெல்வேலி: எங்கம்மா ஏர் ஃபோர்ஸ்ல இருக்காங்க. ஸ்கூல்ல மிஸ் எல்லாரும் 'பாவம்'னு சொல்றாங்க. எனக்குக் கோவம் வருது.

வரட்டும். அடுத்த தடவை சொன்னா, 'பாவம்னா ஹோம்ஒர்க்கைக் கொஞ்சம் குறைங்க மிஸ்'னு கேளு. குறைச்சா லாபம். குறைக்கலைன்னா பாவம்னு சொல்றதை நிறுத்திடுவாங்க.

அம்மா இல்லாத நாள்ல அழுகை வந்தா அழு. ஏர் ஃபோர்ஸ் பொண்ணு அழக்கூடாதுன்னு எந்த விதியும் இல்ல. உங்கம்மாகிட்டயே கேட்டுப் பாரு.

ஒரு மாமியார், ஆம்பூர்: மருமகள் ராணுவத்தில் அதிகாரி. பேத்தியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மிலிட்டரி கேன்டீன் கார்டில் எனக்கு ஒரு மிக்ஸி வாங்கித் தரச் சொல்லிக் கேட்கலாமா?

பேத்தியை முழுநேரமும் பார்த்துக்கொள்கிறீர்கள், கேட்பது வெறும் மிக்ஸியா? கிரைண்டரும் சேர்த்துக் கேளுங்கள், அம்மா.